டிம்ப்னா கேட்ட வரவேற்பறை

என் சலூன் ஜன்னலுக்கு நேர் எதிரே கன்னியர் மடத்தின் முன்வாசல். நடுவில் ரோடு மட்டும்தான். இத்தனை வருஷமாக அந்தப் பூட்டிய கேட்டைப் பார்த்துக்கொண்டே ஊர்ப் பெண்களின் தலைக்குச் சாயம் பூசி வருகிறேன். சாயத்தால் வந்த கண்ணெரிச்சலைவிட அந்த மடத்தால் வந்த எரிச்சல்தான் அதிகம்.

டிம்ப்னா டூஹி வெள்ளிக்கிழமை தவறாமல் வருவாள். என்னைவிட இருபது வயது மூத்தவள், ஆனால் எங்கள் ஊர் கில்வார்னாவில் எனக்கு அவளைப் போல ஒரு சிநேகிதி கிடையாது. அவள் வந்தால் நாற்காலியைத் திருப்பிப் போட்டுவிடுவேன், முதுகு சுவரைப் பார்க்கும்படி. கத்தரிக்கோலை எடுத்தால் முதலில் அவள் கண்ணெதிரே காட்டவேண்டும். பின்னாலிருந்து சத்தமில்லாமல் கொண்டுபோனால் உடம்பு தூக்கிப்போடும். நான்கு வயதில் அம்மா செத்ததும் அவளை எதிரே இருக்கும் மடத்தில்தான் கொண்டுவந்து விட்டார்கள். பதினாறு வயது வரை அங்கே இருந்தாள். படுக்கையை நனைத்த பிள்ளைகளுக்கு அங்கே மொட்டையடிப்பார்கள், மற்ற பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, பார்க்கச்சொல்லி. அவள் உச்சந்தலையில் ஒரு தழும்பு உண்டு. அதன்மேல் முடியை எப்படிச் சீவி மூடுவது என்பது எனக்குத் தெரியும். அது எப்படி வந்தது என்று நான் கேட்டதில்லை.

இந்த மாதிரி மடங்களில் பிள்ளைகள் பட்ட பாடெல்லாம் வெளியே வந்து நாடே தலைகுனிந்து நின்ற காலத்தில், அப்படி வளர்ந்தவர்களுக்கு அரசு இழப்பீடு கொடுத்தது. மடங்களை நடத்திய சிஸ்டர்கள் தங்கள் பங்குக்குக் கட்டடங்களைத் தருவதாகக் கையெழுத்துப் போட்டார்கள். அப்படித் தருவதாகச் சொன்னவற்றில் எங்கள் ஊர் மடமும் ஒன்று. டப்ளினிலிருந்து ஒரு அமைச்சர் வந்து, மதர் சுப்பீரியருடன் வாசல் படியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். இதைச் சின்னச் சின்ன வீடுகளாகப் பிரித்து, இங்கே வளர்ந்து இன்று துணையில்லாமல் இருக்கும் வயதானவர்களுக்குக் கொடுக்கப்போகிறோம் என்றார். ஆளுக்கொரு கதவு, ஆளுக்கொரு சாவி. சிஸ்டர்கள் ஊர்க்கோடியில் புதிதாகக் கட்டிய வீட்டுக்குக் குடிபோனார்கள். டிம்ப்னா முதல் ஆளாகப் பேர் கொடுத்துவிட்டு நேரே என் கடைக்கு வந்தாள்.

"எந்தப் பக்கம் வேணும்னு கேட்டாங்களா?" என்றேன்.

"அவங்க கேக்கல. நானே சொல்லிட்டேன். முன்பக்கத்து வரவேற்பறை எனக்கு."

"அதுல என்ன அவ்வளவு விசேஷம்?"

"பிஷப் வந்தா அங்கதான்டி உக்காந்து டீ குடிப்பாரு. முட்டி தேயத் தேய அந்தத் தரைக்கு மெழுகு போட்டவ நான். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அதுல உக்காந்ததில்ல. இனிமே என் சாவியப் போட்டு நானே தொறப்பேன். ஷூவோட உள்ள போவேன். நடு ரூம்ல நாற்காலியப் போட்டு உக்காருவேன்."

"ஷூவோடயா? மெழுகெல்லாம் போயிடுமே."

"போகட்டும். திரும்பப் போட ஆள் வேணும்ல? உன்னைக் கூப்புடறேன். முட்டிக்கு ஒரு தலையணை எடுத்துட்டு வந்துடு."

அன்று இருவரும் சிரித்த சிரிப்பில் ஒரு பக்கம் சாயம் கோணலாகப் போய்விட்டது. அதற்கும் என்னைத்தான் திட்டினாள்.

அதன் பிறகு கிணற்றில் போட்ட கல்தான். அரசு அலுவலகத்தில் கேட்டால், சிஸ்டர்கள் இன்னும் முறைப்படி எழுதித் தரவில்லை என்றார்கள். சிஸ்டர்களின் வக்கீலைக் கேட்டால், நாங்கள் எப்போதோ கொடுத்தாயிற்று, அவர்கள்தான் வாங்கிக்கொள்ளவில்லை என்றார். வடக்கே ஒரு வேலியோ வாய்க்காலோ யாருக்குச் சொந்தம் என்று தெரியவில்லையாம், அதனால் இழுபறியாம். எங்கே கேட்டாலும் முடிவில் ஒரே வார்த்தை: நடவடிக்கையில் இருக்கிறது. மடத்து ஜன்னல்களுக்குப் பலகை அடித்தார்கள். மழை இறங்காமல் கூரையில் போட்டிருந்த ஈயத் தகட்டை ஒரு குளிர்காலத்தில் திருடர்கள் உரித்துக்கொண்டு போனார்கள். மழைக்குழாயில் செடி முளைத்தது. நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

டிம்ப்னா இருந்தது குதிரைப் பந்தயம் கட்டுகிற கடைக்கு மேலே, ஒரு வாடகை அறை. செங்குத்தான மாடிப்படி. முழங்கால் போனபிறகு ஏறுவதற்கே நடுவில் ஒரு தடவை உட்கார்ந்து எழவேண்டியிருந்தது. வீட்டுக்கு வரும் நர்ஸ், முதியோர் இல்லம் என்ற பேச்சை மெதுவாக எடுக்க ஆரம்பித்தாள்.

"அங்க போறதுக்கு ஆத்துல விழுந்துடுவேன்" என்றாள் டிம்ப்னா என்னிடம்.

"தண்ணி குளிருமே."

"அப்ப மே மாசம் போறேன்." பிறகு சிரிப்பை விட்டுவிட்டு என் கையைப் பிடித்தாள். "வெளயாட்டு இல்ல அட்ராக்டா. மணி அடிச்சா எந்திரிக்கறது, மணி அடிச்சா சாப்புடறது, கதவுக்குத் தாப்பா இல்லாத ரூம். அது எனக்கு ஒரு வாட்டி போதும். சாகறதுக்குள்ள அந்த சாவி என் கைக்கு வந்துட்டா போதும். ஒரு வாரம் இருந்தாக்கூட சரி."

இதுதான் அவள் கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை.

ஒருவழியாக விஷயம் நாடாளுமன்றத்துக்குப் போயிற்று. அரசுப் பணம் எங்கே போகிறது என்று கேள்வி கேட்கும் குழு ஒன்று, இப்படிச் சும்மா கிடக்கும் கட்டடங்களைப் பற்றி விளக்கம் கேட்டது. ஊர் ஊராகப் போய் மக்களுக்குப் பதில் சொல்லும்படி அதிகாரிகளுக்கு உத்தரவு. எங்கள் ஊருக்கு வந்தவர் பேர் ஃபின்டன் ப்ரோஃபி. காலையில் எங்கள் கவுன்சிலர் மாலக்கி கீவ்னி அவருக்கு மடத்தைத் திறந்து சுற்றிக் காட்டினான். சாயங்காலம் பங்குக் கோயில் ஹாலில் கூட்டம்.

மாலக்கி என்னோடு பள்ளியில் படித்தவன். கெட்டவன் இல்லை. யார் மனமும் நோகக்கூடாது என்று நினைக்கிற ஜாதி. அப்படிப்பட்டவர்களால்தான் பாதி அநியாயம் நடக்கிறது.

ஹால் நிரம்பி வழிந்தது. அன்று ஊருக்கு நிஜமாகவே கோபம் இருந்தது, நான் பொய் சொல்லவில்லை. மளிகைக்கடைக்காரர் முதல் பால்பண்ணைக்காரர் வரை ஆளுக்கொரு கேள்வியோடு வந்திருந்தார்கள். கூட்டம் முடிந்ததும் கொடுப்பதற்காகப் பெண்கள் டீயும் ஹாம் சாண்ட்விச்சும் கொண்டுவந்திருந்தார்கள். டிம்ப்னா அந்த முழங்காலோடு நின்று இரண்டு ஆப்பிள் டார்ட் சுட்டு எடுத்துவந்திருந்தாள்.

"அந்த ஆளுக்கு எதுக்கு டார்ட்?" என்று கேட்டேன்.

"பதில் சொன்னதுக்கு அப்புறம்தானே குடுக்கப்போறோம்" என்றாள்.

ஆனால் வெளியே கொட்டுகிற மழை. ப்ரோஃபி நனைந்துபோய் வந்து நின்றார். மாலக்கிக்கு மனசு கேட்கவில்லை. "பாவம், டப்ளின்லேந்து வந்திருக்காரு. முதல்ல ஒரு வாய் டீ குடிச்சுரட்டும்" என்றான். அங்கேயே எல்லாம் முடிந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு டீ கொடுக்காமல் ஒருவரைத் திட்டத் தெரியாது. டீ கொடுத்த பிறகு திட்டவே தெரியாது.

"எந்த ப்ரோஃபி நீங்க?" என்று ஒரு கிழவர் ஆரம்பித்தார்.

"அப்பா கில்கென்னி பக்கம். அம்மா இங்கதான், ட்ரம்லாஸ்."

"ட்ரம்லாஸா! அங்க யாரு வீடு?"

"கொல்லன் வீட்டு ரோச்சு."

"அட, நெட்டை ரோச்சோட பேரனா நீ? உன் தாத்தாவும் எங்க அப்பாவும் ஒரே டீம்ல ஃபுட்பால் ஆடினவங்கப்பா!"

போதாதா? அரை மணியில் ப்ரோஃபி பாதி ஹாலுக்கு ஒன்றுவிட்ட சொந்தமாகிவிட்டார். சாஸரும் கையுமாகச் சுற்றிவந்தார். டிம்ப்னாவின் டார்ட்டில் மூன்றாவது துண்டை எடுத்தார். பிறகு நாற்காலிகளில் உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள் பாருங்கள், கேள்வியா அது? "தொந்தரவு பண்றேன்னு நினைக்காதீங்க" என்று ஆரம்பித்து "உங்களாலயும் என்ன பண்ணமுடியும்" என்று அவர்களே முடித்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. நான் எழுவதற்குள் டிம்ப்னா எழுந்துவிட்டாள். முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மிஸ்டர் ப்ரோஃபி, எனக்கு எண்பது ஆகப்போகுது. ஒரு தேதி சொல்லுங்க. எந்தத் தேதில அந்தக் கதவு தொறக்கும்? சொல்லிட்டீங்கன்னா அதுவரைக்கும் உசுரப் புடிச்சு வச்சுக்குவேன்."

ப்ரோஃபியின் முகம் ஒரு கணம் மாறியது. நான் பார்த்தேன். மாலக்கியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ரொம்ப நல்ல கேள்விம்மா. நடவடிக்கையில இருக்கு. உங்க கேள்விய நானே நேர்ல எடுத்துட்டுப் போறேன்."

"என் டார்ட்லயும் மூணு துண்டு எடுத்துட்டீங்க" என்றாள் டிம்ப்னா. "அது எங்க இருக்குன்னாவது எனக்குத் தெரியும்."

ஹாலே அதிர்ந்தது. எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தவர் ப்ரோஃபிதான். யாரோ கை தட்டினார்கள். உடனே எல்லோரும் தட்டினார்கள். மாலக்கி எழுந்து, "இதைவிட நல்ல முடிவு கிடைக்காது, அதிகாரிக்கு நன்றி சொல்லிக்கலாம்" என்று கூட்டத்தை முடித்துவிட்டான். நாற்காலிகள் கிறீச்சிட்டன. ஆட்கள் கோட்டை மாட்டிக்கொண்டே டிம்ப்னாவின் தோளைத் தட்டி, "சபாஷ், நல்லாக் குடுத்த" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவள் மட்டும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"வா போலாம்" என்றேன்.

"நான் பதிலுக்காக நின்னேன் அட்ராக்டா. கைய தட்டிட்டுப் போறாங்களே."

அடுத்த குளிர்காலத்தில் மாடிப்படியில் விழுந்தாள். இடுப்பெலும்பு. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்தப் படியில் இனி ஏறமுடியாது என்றார்கள், அது உண்மையும்கூட. அங்கே இருந்தவர்கள் நல்ல பெண்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் சாப்பாட்டுக்கு மணி அடித்தது. கதவு எந்நேரமும் திறந்தே இருக்கவேண்டும், விழுந்தால் தெரியவேண்டுமே.

வெள்ளிக்கிழமைகளில் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு அங்கே போய் அவள் தலையைச் சீவிவிடுவேன். போகப்போகப் பேச்சு குறைந்தது. ஒருநாள் கத்தரிக்கோலைக் காட்டினேன். அவள் பார்க்கக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கிளப்பியது.

"டிம்ப்னா, ஏதாவது பேசேன். என்னைத் திட்டவாவது செய்."

"என்னைத் திரும்ப உள்ள போட்டுட்டாங்கடி" என்றாள்.

காருக்குள் உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன். பிப்ரவரியில் போய்ச்சேர்ந்தாள். தூக்கத்தில் போய்விட்டாள், நிம்மதியான சாவு என்றார்கள். கதவு திறந்திருந்ததா என்று நான் கேட்கவில்லை.

அவளுக்குச் சொந்தபந்தம் யாரும் இல்லாததால் அடக்கத்துக்கான ஏற்பாட்டை நான்தான் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் சவ வண்டி கோயிலுக்குப் போகும் வழியில், செத்தவர் வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நிற்கும். வீட்டுக் கதவைத் திறந்து வைத்திருப்பார்கள். பின்னால் நடந்து வருகிறவர்கள் எல்லாம் அப்படியே நிற்பார்கள். கடைசியாக ஒரு தடவை வீட்டைப் பார்த்துவிட்டுப் போவது. ஊர் எல்லையில் குடிசை போட்டிருந்தவனுக்குக்கூட இந்த மரியாதையை நாங்கள் மறுத்ததில்லை. சவ வண்டிக்காரர் பேடர் முதல் நாள் கடைக்கு வந்து தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"வண்டிய எங்க நிறுத்தறது அட்ராக்டா? பந்தயக் கடை மாடிக்கு வேற ஆள் குடிவந்தாச்சு. முதியோர் இல்லத்துலயா?"

"மடத்து வாசல்ல" என்றேன்.

பேடர் என்னையே பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாக எதிரே பார்த்தார். "சரி" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் ஊரே வந்திருந்தது. சாவுக்கு வருவதில் எங்கள் ஊரை யாரும் குறை சொல்லமுடியாது. தூறலில் வண்டிக்குப் பின்னால் நடந்தோம். மடத்து கேட்டுக்கு முன்னால் வண்டி நின்றது. எல்லோரும் நின்றார்கள். எதிரே வந்த லாரிக்காரன் எஞ்சினை அணைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். வழக்கமாக ஒரு நிமிஷம் நிற்கும். நான் சொல்லாமல் நகர்த்தாதீர்கள் என்று பேடரிடம் சொல்லிவைத்திருந்தேன். நேரம் போயிற்று. கால்களை மாற்றி மாற்றி நின்றார்கள். யாரோ இருமினார்கள். கடைசியில் மாலக்கி என் பக்கம் வந்தான்.

"போதும் அட்ராக்டா. ஃபாதர் காத்துட்டிருக்காரு."

"அவ வீட்டு வாசல்ல நிக்கறா. கதவத் தொற மாலக்கி."

"எங்கிட்ட ஏது சாவி?"

"ப்ரோஃபிய உள்ள கூட்டிட்டுப் போனியே, அப்ப ஜன்னல் வழியாவா போனீங்க?"

அவன் முகம் சிவந்தது. "இப்ப அதெல்லாம் வேணாம். உள்ள பாதுகாப்பு இல்ல. இன்ஷூரன்ஸ் கெடயாது."

"செத்தவளுக்கு எதுக்குடா இன்ஷூரன்ஸ்?"

என் குரல் கடைசி வரிசை வரை கேட்டிருக்கும். சவ வண்டியைத் தாண்டி நடக்க அங்கே யாராலும் முடியாது. மாலக்கி தன் காருக்குப் போய் ஒரு சாவிக்கொத்தை எடுத்துவந்தான். கேட்டின் சங்கிலியைக் கழற்றினான். படியேறி, தோளால் இடித்து முன்கதவைத் திறந்தான். நானும் அவனோடு போனேன். அவன் கையை நீட்டி என்னை மறித்தான்.

"அதுக்கு மேல போகாத."

வலது பக்கம் வரவேற்பறை. கதவு நிலை மட்டும் இருந்தது. உள்ளே தரை இல்லை. எட்டிப் பார்த்தால் கீழே நிலவறைப் பள்ளம், அதில் கறுப்புத் தண்ணீர், உளுத்த பலகைகள், மேலேயிருந்து விழுந்த கூரை. நடுவில் ஒரு மரக்கன்று ஆளுயரத்துக்கு வளர்ந்து நின்றது. அதன்மேல் தூறல் விழுந்துகொண்டிருந்தது. முன்சுவர் மட்டும் அப்படியே நின்றதால் என் ஜன்னலிலிருந்து இது எதுவும் தெரிந்ததில்லை.

"எப்ப விழுந்துச்சு?" என்றேன்.

"ஈயத்தத் திருடினாங்களே, அதுக்கு ரெண்டு மூணு வருஷம் கழிச்சு. தண்ணி எறங்கி எறங்கி..." அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பின்கட்டும் போச்சு. இத இனிமே வீடாக்க முடியாதுன்னு இன்ஜினியர் அப்பவே சொல்லிட்டாரு."

"அந்தக் கூட்டத்துக்கு முன்னாடியேவா?"

"முன்னாடியே."

"ப்ரோஃபி பார்த்தானா?"

"அன்னைக்குக் காலைல இங்கதான் நின்னாரு. நீ நிக்கற எடத்துல."

"பார்த்துட்டா அவ மூஞ்சிக்கு நேரா நடவடிக்கைல இருக்குன்னான்? நீயும் பக்கத்துல உக்காந்திருந்த?"

"அவகிட்ட யாரு சொல்றது அட்ராக்டா? அத நம்பித்தானே அவ இருந்தா. அவ மனச ஒடைக்க யாருக்கும் மனசு வரல."

யாருக்கும் என்றான். எனக்கு என்று சொல்லவில்லை. நான் திரும்பிப் படிக்கட்டுக்கு வந்தேன். கீழே கேட்டுக்கு வெளியே ஊர் நின்றுகொண்டிருந்தது. மளிகைக்கடைக்காரர், அவர் மனைவி, பால்பண்ணைக்காரர், வீட்டுக்கு வந்த நர்ஸ், வாரம் தவறாமல் என் நாற்காலியில் உட்கார்ந்து எவன் எவளோடு போனான் என்பது வரை சொல்லும் அத்தனை பெண்களும். ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தேன். ஒவ்வொருவராகக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரிந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும் என்று என்னிடமும் மறைத்திருக்கிறார்கள். அவளுக்கு ஒரு தேதிகூடத் தேவைப்பட்டிருக்காது. இல்லை என்ற ஒரு சொல் கிடைத்திருந்தால் அந்தக் கிழவி வேறு ஒரு கதவைத் தேடியிருப்பாள். கீழ்த்தளத்தில் ஒரு சின்ன அறை, தாழ்ப்பாள் உள்ள கதவு, இந்த ஊரில் அது கிடைக்காமலா போயிருக்கும்? தேடுவதற்கு அவளுக்கு முழங்காலும் காலமும் இருந்த நாளில் எல்லோரும் அன்பாக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இறங்கிப்போய் சவ வண்டியின் கண்ணாடியில் கை வைத்தேன். அறை நன்றாக இருக்கிறது டிம்ப்னா, மெழுகு பளபளக்கிறது என்று சொல்ல எனக்கும் வாய் வந்தது. நானும் இந்த ஊர்க்காரிதானே. பல்லைக் கடித்து அதை விழுங்கினேன்.

"தரை இல்ல டிம்ப்னா" என்றேன், ஊரே கேட்கும்படி. "உன் ரூமுக்குத் தரையே இல்ல. ரொம்ப நாளா இல்ல. இவங்க எல்லாருக்கும் தெரியும்."

பேடர் எஞ்சினைப் போட்டார். நாங்கள் அவளைக் கோயிலுக்குக் கொண்டுபோனோம்.